விவாகரத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் மைனர் குழந்தையை நாமினியாகப் போடுவது: பெங்களூர்த் தமிழர்களுக்கான கேள்வி பதில்

விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்த பிறகு வீடு, நகை, பேங்க் கணக்கு என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொள்கிறவர்கள் பீரோவில் இருக்கும் பாலிசிப் பத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். நினைவு வந்து மாற்றுகிறவர்களில் பலரும் குழந்தையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் அப்பாயின்டி (குழந்தைக்காகப் பணத்தை வாங்கும் பெரியவர்) கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பணம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. வாரிசுரிமை பற்றி இங்கே சொல்வது இந்து வாரிசுச் சட்டத்தின்படி. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு வேறு மாதிரி வரும். காப்பீட்டு விதிகள் எல்லோருக்கும் ஒன்றே.

விவாகரத்து ஆனதும் பழைய நாமினேஷன் தானாக ரத்தாகிவிடாதா?

ஆகாது. குடும்ப நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்பு காப்பீட்டு கம்பெனிக்குப் போவதில்லை. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, பாலிசிதாரர் எழுதிக்கொடுத்து, அதைக் கம்பெனி பதிவு செய்தால்தான் நாமினி மாறுவார். அதுவரை பதிவேட்டில் முன்னாள் மனைவியோ கணவரோதான் இருப்பார். மரணம் நடந்தால் கம்பெனி முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான்.

பதிவில் இருக்கும் நாமினிக்குப் பணம் கொடுத்துவிட்டால் கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு வாங்கினவர் மேல் வழக்குப் போட்டு மீட்கிற வேலை குழந்தையின் தலையில் விழும்.

இன்னொன்று: வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது. தீர்ப்பு வரும் நாள்வரை சட்டப்படி கணவன் மனைவிதான், வாரிசும்தான். ஆனால் நாமினேஷனை மாற்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு விதமாக நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாவிட்டால் இன்றைக்கே மாற்றலாம்.

18 வயது ஆகாத குழந்தையை நாமினியாகப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். பிறந்து சில மாதமே ஆன குழந்தையைக்கூடப் போடலாம். மைனர் பணத்தை வாங்கிக்கொண்டு செல்லத்தக்க ரசீது தர முடியாது என்பதால், குழந்தை மைனராக இருக்கும்போது மரணம் நேர்ந்தால் பணத்தை வாங்க ஒரு பெரியவரை நியமிக்க அதே 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர்தான் அப்பாயின்டி. குழந்தைக்கு 18 முடிந்த அன்றோடு அவருடைய வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு மரணம் நேர்ந்தால் பிள்ளையே நேரடியாக வாங்கிக்கொள்ளலாம், தனியாக விண்ணப்பம் தேவையில்லை.

அப்பாயின்டியும் கார்டியனும் ஒருவர்தானா? கஸ்டடி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வாங்குவாரா?

மூன்றும் தனித்தனி. கஸ்டடி என்றால் குழந்தை யாரோடு வாழ்கிறது என்பது. கார்டியன் என்பது குழந்தைக்காகவும் அதன் சொத்துக்காகவும் சட்டப்படி முடிவெடுக்கிறவர். அப்பாயின்டி இந்த ஒரு பாலிசியின் பணத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கிக் குழந்தைக்காக வைத்திருக்கிறவர், அவ்வளவுதான்.

1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் இயற்கைக் கார்டியனாகத் தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் சொல்கிறது. அந்த வரிசை தாயை ஒதுக்குவதற்கு இல்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கியது. விவாகரத்து ஆனவர்களுக்கு இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், நீங்கள் போன பிறகு உங்கள் குழந்தையின் இயற்கைக் கார்டியன் உங்கள் முன்னாள் துணைதான். கஸ்டடி முழுக்க உங்களிடம் இருந்திருந்தாலும், அவர் பல வருடம் குழந்தையை வந்து பார்க்காதவராக இருந்தாலும், வேறு உத்தரவு இல்லாதவரை நிலைமை இதுதான். பாலிசிப் பணத்தையாவது வேறொருவர் கையில் சேர்க்க வேண்டுமென்றால் அப்பாயின்டி கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

கட்டத்தைக் காலியாக விட்டால்?

கம்பெனி பெரும்பாலும் உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தையிடம் கேட்கும். தாத்தா, பாட்டி, மாமா என்று வேறு யாராவது பணம் கேட்டுப் போனால் 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டப்படி நீதிமன்றத்தில் கார்டியன் நியமன உத்தரவு வாங்கிவரச் சொல்லும். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் அந்த மனு மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் அதுவரை கம்பெனியில் கிடக்கும்.

அப்பாயின்டியாக யாரைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு மாலை உட்கார்ந்து யோசிப்பது தகும்.

முன்னாள் துணையையே போடலாமா? போடலாம், சட்டத் தடை எதுவும் இல்லை. குழந்தை அவரிடம்தான் வளர்கிறது, பண விஷயத்தில் அவர் நேர்மையானவர், சண்டை உங்கள் இருவருக்குள் மட்டும்தான் என்றால், அவரைப் போடுவதே குழந்தைக்கு நல்லது. மனஸ்தாபத்துக்காக அவரைத் தவிர்த்து, குழந்தையைப் பார்த்தே இராத சித்தப்பாவைப் போட்டால், ஒவ்வொரு ஃபீஸுக்கும் குழந்தையின் அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வரும். முன்னாள் துணைக்குக் கடன் தொல்லை, குடி, சூதாட்டம் போன்றவை இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

நம் ஆட்கள் வழக்கமாகப் போடுவது தாத்தா அல்லது பாட்டியை. குழந்தைக்கு 5 வயது, தாத்தாவுக்கு 70 வயது என்றால், குழந்தை 18-ஐத் தொடும்போது அவருக்கு 83. அப்பாயின்டி உங்களுக்கு முன்பே காலமாகி, நீங்கள் மாற்றாமல் விட்டால், கட்டம் காலியாக இருந்ததற்குச் சமம். கூடப்பிறந்தவர் நல்ல தேர்வு. அவருக்கு இந்தியாவில் பேங்க் கணக்கும் பான் கார்டும் இருக்க வேண்டும், முன்னாள் துணையோடு பேசக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னது சின்ன விஷயம் இல்லை. குழந்தை அவரிடம் வளரும், பணம் இவரிடம் இருக்கும், இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசாவிட்டால் எதுவும் நடக்காது.

யாரைப் போட்டாலும் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலான படிவங்களில் அவருடைய சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள்.

அப்பாயின்டி பணத்தை வாங்கித் தானே செலவழித்துவிட்டால்?

அந்தப் பணம் அவருடையது அல்ல. குழந்தைக்காக நம்பிக்கையின் பேரில் வாங்கியது. கையாடினால் குழந்தையின் கார்டியன் சிவில் வழக்குப் போட்டுக் கணக்குக் கேட்கலாம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவுப்படி நம்பிக்கை மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் காப்பீட்டு கம்பெனி அதில் தலையிடாது. அவரிடம் கொடுத்ததோடு அதன் கடமை முடிந்தது. ஆகவே பெரிய தொகை என்றால் மொத்தமாக ஒரே நாளில் ஒருவர் கணக்கில் விழும்படி விடாதீர்கள். பல டெர்ம் பாலிசிகளில் (இறந்தால் மட்டும் பணம் தருபவை) மரணத் தொகையைத் தவணையாகக் கொடுக்கும் வசதியைப் பாலிசிதாரரே உயிரோடு இருக்கும்போது தேர்ந்தெடுக்கலாம். எல்.ஐ.சி.யின் சில திட்டங்களில் 5, 10, 15 ஆண்டு என்று கொடுத்திருக்கிறார்கள். 8 வயதுக் குழந்தைக்கு 15 ஆண்டுத் தவணை என்றால் கடைசிப் பகுதி அந்தப் பிள்ளை கையிலேயே விழும்.

மாற்றுவது எப்படி? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் இணையதளத்தில் லாகின் செய்து, ஓ.டி.பி. வைத்தே மாற்றிவிடலாம். எல்.ஐ.சி. பாலிசி என்றால் சர்வீசிங் கிளை, அதாவது உங்கள் பாலிசியைக் கவனிக்கும் கிளை, எது என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரில் தெரிந்த ஏஜென்ட்டிடம் போட்ட பாலிசி இன்னும் சேலத்திலோ வேலூரிலோ இருக்கும். பெங்களூரில் நிரந்தரமாகிவிட்டீர்கள் என்றால் பாலிசியை இங்குள்ள கிளைக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு நாமினேஷன் வேலையைத் தொடங்குவது வசதி.

கையில் இருக்க வேண்டியவை: பாலிசிப் பத்திரம், நாமினேஷன் மாற்றப் படிவம், உங்கள் அடையாளச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அப்பாயின்டியின் ஆதார், பான் நகல்கள், அவருடைய கையெழுத்து. சிறு கட்டணம் கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் இதற்குத் தேவையில்லை, முன்னாள் துணையின் சம்மதமும் தேவையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் சதவீதம் எழுதுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும்.

படிவத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனி பதிவு செய்து எழுத்தில் ஒப்புகை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பத்திரத்தில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பதிந்த குறிப்பு) அல்லது புதிய நாமினி பெயர் உள்ள கடிதம் கைக்கு வந்ததா, ஆன்லைனில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்டு ஏஜென்ட் பையிலேயே தங்கிவிட்ட படிவம் கிளைம் நேரத்தில் செல்லாது.

குழந்தையின் பெயரை எப்படி எழுதுவது? இனிஷியலால் சிக்கல் வருமா?

வரும். பெயருக்கு முன்னால் இனிஷியல் வைப்பது நம் வழக்கம். பெங்களூர்ப் பள்ளியும் பாஸ்போர்ட்டும் அப்பா பெயரைப் பின்னால் விரித்து எழுதச் சொல்லும். விவாகரத்துக்குப் பின் சில அம்மாக்கள் குழந்தைக்குத் தன் இனிஷியலைப் போடுகிறார்கள். இப்படி ஒரே குழந்தை பிறப்புச் சான்றிதழில் ‘ர. கவின்’, ஆதாரில் ‘கவின் ரமேஷ்’, பள்ளியில் ‘ச. கவின்’ என்று மூன்று ஆளாக இருக்கும். கம்பெனியில் கிளைம் பார்ப்பவருக்கு மூன்றும் ஒருவர்தான் என்று தெரிய வழியில்லை. ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் ஒத்துப்போக வையுங்கள். பிறகு அதே எழுத்துக்கூட்டலில், பிறந்த தேதியோடு நாமினேஷனில் எழுதுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பல குழந்தைகளின் சான்றிதழ் தமிழ்நாட்டு நகராட்சியில் இருக்கும். அதில் குழந்தையின் பெயரே பதியாமல் அப்பா, அம்மா பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைச் சேர்க்கப் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், பெங்களூரில் செய்ய முடியாது.

குழந்தை நாமினி என்றால் முழுப் பணமும் குழந்தைக்குத்தானே?

இதில் பலர் ஏமாறுகிறார்கள். 1983-இல் உச்ச நீதிமன்றம் சர்பதி தேவி வழக்கில், நாமினி பணத்தை வாங்குகிறவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என்று சொன்னது. 2015 திருத்தத்தில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனுக்கு உரியவர்கள் என்று 39-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்த நிலையில், 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் கிளை, வாரிசுகள் பங்கு கேட்டு வந்தால் வாரிசுச் சட்டமே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை நாமினியாகப் போட்டவர் பிறகு மாற்றாமல் இறந்துபோன வழக்கு அது. கர்நாடகத்தில் வாழ்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

உங்கள் வாரிசுகள் யார்? உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணுக்கு முதல் வகுப்பு வாரிசுகள் பிள்ளைகள், மனைவி, தாய். விவாகரத்தான மனைவி இதில் வர மாட்டார். அதாவது ஒரு குழந்தையும் உங்கள் அம்மாவும் இருந்தால் ஆளுக்குப் பாதி. மறுமணம் செய்திருந்தால் புதிய மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கும் உண்டு. இந்துப் பெண்ணுக்கு முதலில் பிள்ளைகளும் கணவரும். விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவருக்குப் பிள்ளைகள் மட்டுமே.

ஆகவே நாமினேஷனோடு ஒரு உயிலும் எழுதுங்கள். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தொகை முழுவதும் இந்தக் குழந்தைக்கே, 18 ஆகும்வரை இன்னார் நிர்வகிக்க வேண்டும், கல்விக்கும் மருத்துவத்துக்கும் செலவழிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னாளில் ‘இது அவர் கையெழுத்தே இல்லை’ என்று சொல்கிறவர்களைச் சமாளிப்பது எளிது. உயிலில் சொல்லும் நிர்வாகியும் அப்பாயின்டியும் ஒரே ஆளாக இருக்கட்டும். வேறு வேறு பெயர் போட்டு அவர்களை நீங்களே மோதவிட வேண்டாம்.

சமரச மனுவில் ‘பாலிசி குழந்தைக்கே’ என்று முன்னாள் கணவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அவர் பின்னால் மாற்ற முடியுமா?

மாற்ற முடியும். நம் சட்டத்தில் ‘மாற்றவே முடியாத நாமினேஷன்’ என்று ஒன்று இல்லை. பாலிசிதாரர் முதிர்வுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கம்பெனி உங்களைக் கேட்காது. பிரீமியம் கட்டாமல் விட்டாலும் உங்களுக்குத் தகவல் வராது. சலுகைக் காலம் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். அதுவும் தாண்டினால் டெர்ம் பாலிசியில் காப்பே இருக்காது.

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவை எழுதும்போதே வக்கீலிடம் சொல்லி இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பாலிசி எண்ணும் தொகையும், நாமினி, அப்பாயின்டி பெயர்கள், ஒவ்வொரு வருடமும் பிரீமியம் ரசீதையும் நாமினேஷன் நிலையையும் உங்களுக்கு அனுப்பும் கடமை, பாலிசி காலாவதியானால் அல்லது நாமினி மாற்றப்பட்டிருந்தால் அதே தொகை அவர் சொத்திலிருந்து குழந்தைக்கு வர வேண்டும் என்ற வாசகம். கடைசி வாசகம் இல்லாத உறுதிமொழியை அமல்படுத்துவது பெரும்பாடு.

எம்.டபிள்யூ.பி. பாலிசி என்கிறார்களே, அது இதற்கு உதவுமா?

உதவும், பாலிசி எடுப்பவர் ஆணாக இருந்தால். 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ் மனைவி அல்லது பிள்ளைகள் பேரில் எடுக்கும் பாலிசி அப்போதே ஒரு டிரஸ்ட் ஆகிவிடும். எடுத்தவரால் பயனாளியை மாற்ற முடியாது, அவருடைய கடன்காரர்களும் தொட முடியாது, அது அவருடைய வாரிசுச் சொத்திலும் சேராது. 39-ஆம் பிரிவே இதற்குப் பொருந்தாது. சமரசத்தில் வாக்குக் கொடுத்த தந்தை அதைக் காப்பாற்ற விரும்பினால் இதைவிட உறுதியான வழி இல்லை.

கவனிக்க வேண்டியவை சில. புதிய பாலிசி எடுக்கும்போதே இதற்கான இணைப்புப் படிவத்தைத் தர வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியில் பிறகு சேர்க்க முடியாது. விவாகரத்தானவர் பிள்ளைகளை மட்டும் பயனாளியாகப் போடுவதைக் கம்பெனிகள் ஏற்கின்றன, ஆனாலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். டிரஸ்டி (பணத்தைக் குழந்தைக்காக நிர்வகிப்பவர்) பெயரை நிரப்புங்கள். விட்டால் பணம் மாநில அரசின் அஃபிஷியல் டிரஸ்டியிடம் போகும், அங்கிருந்து வாங்குவது நீண்ட வேலை. சேமிப்புத் திட்டத்தை இப்படி எடுத்தால் முதிர்வுத் தொகையும் குழந்தைக்கே போகும் என்பதால் டெர்ம் திட்டம்தான் ஏற்றது.

மறுபக்கம்: கல்யாணமான காலத்தில் மனைவி பெயரில் எடுத்த எம்.டபிள்யூ.பி. பாலிசி விவாகரத்தானதும் கணவர் இஷ்டத்துக்குத் திரும்பி வராது. முன்னாள் மனைவியின் சம்மதம் இல்லாமல் சரண்டர்கூட (பாதியில் முடித்துப் பணம் வாங்குவது) செய்ய முடியாது. அதைப் பற்றிச் சமரச மனுவிலேயே பேசி முடியுங்கள்.

விவாகரத்தான அம்மாக்களுக்கு இந்தப் பிரிவு கிடைக்காது. பெரிய தொகை என்றால் தனியார் டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பாலிசியை அதற்கு அசைன் (உரிமை மாற்றம்) செய்யலாம். அசைன் செய்ததும் நாமினேஷன் ரத்தாகும் என்பதால் பத்திரத்தை வக்கீல் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

ஆபீஸில் கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸும் பி.எஃப்.பும்?

எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்ப்பவர்கள் பலருக்குச் சொந்த பாலிசியைவிட இந்தத் தொகை பெரிது. அதன் நாமினேஷன் ஹெச்.ஆர். போர்ட்டலில் தனியாக இருக்கும். சேர்ந்த நாளில் யார் பெயரைப் போட்டீர்களோ அதுவே நிற்கும். கம்பெனி மாறினால் மறுபடி போட வேண்டும். பி.எஃப். இ-நாமினேஷனையும் புதுப்பியுங்கள், அங்கே மைனருக்குக் கார்டியன் பெயர் கேட்பார்கள். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் இ.டி.எல்.ஐ. என்ற பி.எஃப். காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் தொகையும், அதிகபட்சம் 7 லட்சம், அந்த நாமினிக்கே போகும்.

வீட்டுக்கடனுக்காகப் பாலிசியை பேங்க்கில் அசைன் செய்திருக்கிறேன்.

கடனுக்காகச் செய்த அசைன்மென்ட் நாமினேஷனை ரத்து செய்யாது. பேங்க் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதி குழந்தைக்கு வரும். கணக்குப் போடும்போது அந்த மீதியை மட்டும் குழந்தையின் காப்பாக எண்ணுங்கள்.

வரி உண்டா?

மரணத்தால் கிடைக்கும் தொகைக்கு வருமான வரி இல்லை. அதை எஃப்.டி.யில் போட்டு வரும் வட்டி மைனரின் வருமானம் என்பதால் குழந்தையைப் பராமரிக்கும் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.

கிளைம் நேரத்தில் அப்பாயின்டி என்ன செய்ய வேண்டும்? தகராறு வந்தால் எங்கே போவது?

இறப்புச் சான்றிதழ், பாலிசிப் பத்திரம், கிளைம் படிவம், தன் அடையாளச் சான்று, கேன்சல் செய்த செக், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணை தேவைப்படாத மரண கிளைமை 15 நாளிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாளிலும் முடிக்க வேண்டும். பாலிசி எடுத்து மூன்று ஆண்டுக்குள் நடந்த மரணம் என்றால் விசாரணை வரும் என்று எதிர்பாருங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரையிலான புகாரை ஏற்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அப்பாயின்டி ஒரு பக்கம், முன்னாள் துணை மறுபக்கம் என்று இரண்டு பேர் உரிமை கோரினால் ஆம்புட்ஸ்மன் அதைத் தீர்க்க மாட்டார். கம்பெனியும் நீதிமன்ற உத்தரவு கொண்டுவரச் சொல்லிவிடும். கார்டியன் நியமன மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். பெங்களூரில் வளரும் குழந்தைக்குச் சித்தய்யா சாலையில் உள்ள நியாய தேகுலா குடும்ப நீதிமன்றம். அப்பா எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்திருந்தாலும் குழந்தை ஓசூரில் பாட்டி வீட்டில் வளர்கிறது என்றால் அது கிருஷ்ணகிரி மாவட்டம், மனுவும் தமிழ்நாட்டில்தான். இங்கே போட்டால் அதிகார வரம்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.